நண்டு உருட்டின மண்

இன்னொருவரைப் பார்த்து நொண்டி நடந்தவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? நான் நடந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. பெரியம்மாவின் மகளுக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு, காலில் தாழைமுள் ஏறிவிட்டது. ஒரு கிழமை இடதுகாலை அரைகுறையாக ஊன்றி நடந்தாள். நானும் அப்படியே நடந்தேன். என் காலில் ஒன்றுமில்லை. அக்காவின் முள்ளை எடுத்த பிறகும் என் நொண்டல் நிற்க இரண்டு நாள் பிடித்தது.

எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வருகிறவர்கள் முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டு, “அக்கா எப்படி நடக்கிறவ எண்டு காட்டு பிள்ளை” என்பார். நான் காட்டுவேன். “அக்கா எப்படித் தேத்தண்ணி குடிக்கிறவ?” அதையும் காட்டுவேன். கோப்பையைச் சுண்டுவிரல் தொடாமல் பிடித்து, முதல் மிடறுக்கு முன் கண்ணை மூட வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த முறைக்கு இன்னும் நன்றாகப் பழகிவைப்பேன். அந்தச் சிரிப்பு பிறகு எதற்கு உதவப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அது யுத்த காலம். நம்முடைய வயதுக்காரருக்கு அதைப்பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அரிசியோடு சேர்த்துக் கொடுத்த பஜிரி என்ற தானியத்தின் மணல் போன்ற ருசி உங்கள் நாக்கிலும் இருக்கும். ஜப்பான் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோன பிறகு, கொட்டாஞ்சேனையில் இருந்த பெரியம்மாவின் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெரியப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் அங்கேயே தங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து போனார். பெரியம்மாவும் அக்காவும் எங்களோடு இருந்தார்கள்.

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்கு நாலு வீடு முன்னால் இருந்தது. ரயில் போகும்போது அலுமாரியில் பீங்கான்கள் ஒன்றோடொன்று கதைக்கும். பின்வளவில் ஈரப்பலா மரத்தடியில் குண்டுக்குப் பதுங்குவதற்கென்று ஒரு குழி வெட்டியிருந்தோம். ஒருநாளும் அதற்குள் பதுங்கவில்லை. மழை பெய்து அது நிரம்பிவிட்டது.

அக்காவுக்குப் பதினெட்டு வயது. வடிவானவள். ஆனால் அவளுடைய பெயர் எங்கள் ஆட்கள் மத்தியில் பரவியிருந்தது தையலால். பூத்தையல் என்றால் கொட்டாஞ்சேனையில் அவளை அடிக்க ஆள் இல்லை என்பார்கள். தலையணை உறைகள், மேசை விரிப்புகள், கைலேஞ்சிகள். ரோசாப்பூக்கள், திராட்சைக் கொடிகள், புகைபோக்கி வைத்த வெள்ளைக்காரர் வீடுகள். எல்லாம் கப்பலில் வந்த டிசைன் தாள்களைப் பார்த்துச் செய்தவை. அந்தத் தாளைத் துணியின்மேல் கவிழ்த்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் நீலக்கோடு துணியில் பதியும். கோட்டின்மேல் தைக்க வேண்டியதுதான். அக்காவின் தையல் கோட்டை விட்டு மயிரளவும் விலகாது. துணியைத் திருப்பிப் பார்த்தாலும் முன்பக்கம் போலவே இருக்கும்.

யுத்தம் வந்ததும் டிசைன் தாள் வருவது நின்றுபோனது. அப்பா கோட்டையில் கந்தோர் வேலை முடிந்து வரும் வழியில் புறக்கோட்டையில் ஏறாத கடையில்லை. எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான். அக்கா ஊசிப்பெட்டியை மூடிவைத்துவிட்டாள்.

“ஏன் அக்கா தைக்கிறேல்லை?” என்று கேட்டேன்.

“தாள் இல்லாமல் என்னத்தைத் தைக்கிறது?” என்றாள்.

அதனால் நானும் ஊசியைத் தொடவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தை இராணுவம் எடுத்திருந்தது. வேறு இடம் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கடற்கரையில் முள்ளுக்கம்பிச் சுருள்கள் போட்டிருந்தார்கள். ஆனாலும் கால்வாய் கடலில் விழுகிற பக்கத்தில் மீன்பிடிக்காரர் போய்வர ஒரு இடைவெளி இருந்தது. அப்பா கந்தோரிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்த பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார். அவர் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் மண்ணைப் பார்ப்பேன்.

தண்ணீர் வற்றின ஈர மண்ணில் கடுகளவு, மிளகளவு நண்டுகள் ஓட்டை போட்டு வாழ்ந்தன. வெளியே வந்து மண்ணை வாயால் அரித்து, தின்னக் கூடியதைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் சின்ன உருண்டையாக்கிப் பின்னால் தள்ளும். உருண்டைக்குப் பின் உருண்டை. ஓட்டையிலிருந்து வெயில் கதிர் மாதிரி வரிவரியாக அவை விரிந்து கிடக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு உருண்டையும் இருக்காது. அது நண்டு ஓடி வருவதற்கும் போவதற்கும் விட்ட பாதை. ஒவ்வொரு நண்டும் ஒவ்வொரு விதமாக விரித்திருக்கும். ஒரு அலை வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். தண்ணீர் இறங்கினதும் நண்டுகள் திரும்பத் தொடங்கும்.

குந்தியிருந்து பார்த்துப் பார்த்து என் பாவாடை விளிம்பெல்லாம் உப்பு. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர், “மொனவத நங்கி பலன்னே?” என்று கேட்டார். என்னத்தைப் பார்க்கிறாய் தங்கச்சி என்று. நான் விரலால் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, நண்டுதானே என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

ஒருநாள் திரும்பி வரும்போது அப்பாவிடம், “இதைத் தைக்கலாமோ அப்பா?” என்று கேட்டேன்.

“எதை?”

“அந்த உருண்டையளை.”

அப்பா ஒருமுறை கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “என்ரை பழைய வேட்டி ஒண்டு கிழிஞ்சு கிடக்கு. நல்ல பக்கமா வெட்டி எடு” என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. துணிக்குக் கூப்பன் இருந்த காலம். அப்பாவின் வேட்டியில் கிழியாத பாகத்தை மேசை விரிப்பு அளவுக்கு வெட்டிச் சதுரமாக மடித்துத் தைத்தேன். நூலுக்கு ஒரு வழியும் இல்லை. அம்மாவின் தையல் பெட்டியில் வெள்ளை நூல் மட்டுமே இருந்தது. அதைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டேன். முதல்நாள் எடுத்த நூல் காய்ந்த மண் நிறம், இரண்டு நாள் ஊறினது ஈர மண் நிறம். ஓட்டைகளுக்கு மட்டும் அம்மாவின் பழைய சீலைக் கரையிலிருந்து கறுப்பு நூல் உருவினேன். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு முடிச்சு. ஊசியில் நூலை இரண்டு தரம் சுற்றிக் குத்தி இறக்கும் அந்த முடிச்சை எனக்குப் பழக்கினது அக்கா. அதை நான் மறைக்கவில்லை, இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

துணியின் நாலு ஓரமும் ஓட்டைகள். ஒன்று மாதிரி ஒன்றில்லை. சிலது முழு வட்டம், சிலது அரைவட்டம், ஒரு மூலையில் அலை வந்து பாதி துடைத்தது மாதிரி ஒன்று. இரண்டு மாதம் பின்விறாந்தையில் இருந்து தைத்தேன்.

அக்கா ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் ஒரே முடிச்சும் சிக்கலும்.

“எங்கேயிருந்து கொப்பி பண்ணினனீ?” என்று கேட்டாள்.

“ஒருத்தரிட்டையும் இல்லை.”

“தாள் இல்லாமலோ?”

“ஓம்.”

அவள் கொஞ்சநேரம் விரலால் முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். “அப்ப இது சரியோ பிழையோ எண்டு உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றைக்கு முழுவதும் ஊசி ஓடவில்லை. அக்கா கேட்டால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பினவள் நான். அடுத்தநாள் பின்னேரம் கடற்கரைக்குப் போய் நண்டுகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் எந்த இடத்தில் அடுத்த முடிச்சு விழ வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

விரிப்பு முடிந்த சமயத்தில் இரண்டு சங்கதிகள் ஒன்றாக வந்தன. ஒன்று, கொட்டாஞ்சேனை வீட்டை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று பெரியப்பா வந்து சொன்னார். ஆளில்லாத வீடுகளில் அப்போது அது நடந்துகொண்டிருந்தது. அக்காவின் தகரப் பெட்டி போய்விட்டது. ஆறேழு வருடம் அவள் தைத்துச் சேர்த்தது எல்லாம் அதற்குள் இருந்தது. அக்கா அழவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. நானும் சாப்பிடவில்லை.

மற்றது, அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை பகுதி பக்கத்திலேயே, பாமன்கடை என்ற இடத்தில். பெடியன் நில அளவைக் கந்தோரில் வேலை. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டிருந்தன. பெரியம்மா அதிலேயே பாதி உடம்பாகிப் போயிருந்தார். இந்த முறை மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தையலைப்பற்றிக் கேள்விப்பட்டு, பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர்கள் வருகிற நாள் காலையில் எங்கள் கூடத்து வட்ட மேசையில் என்னுடைய விரிப்பு விரித்துக் கிடந்தது. அம்மாதான் விரித்திருந்தார். நான் பார்த்துப் பூரித்துப்போனேன். கலியாணப் பேச்சு நாளில் என் தையலை மேசையில் போட்டிருக்கிறார்களே என்று. அம்மா வாழைப்பழச் சீப்பை அதன் நடுவில் வைத்து, பிறகு ஏதோ யோசித்துச் சீப்பை எடுத்துவிட்டார். தையல் நன்றாகத் தெரியட்டும் என்று நினைத்திருக்கிறார். ஏனென்று எனக்கு அப்போது தெரியாது.

அவர்கள் பின்னேரம் நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன், ஒரு மாமன். சீனி இல்லாத காலம், பனங்கட்டியும் தேத்தண்ணியும், உளுந்து வடையும். அக்கா தட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் தண்ணீர்ச் செம்போடு கதவு நிலையில் நின்றேன். அவள் சீலைத் தலைப்பைப் பிடித்திருந்த மாதிரி நான் பாவாடையைப் பிடித்திருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் பருத்த, மெல்லப் பேசுகிற மனுசி. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசை விரிப்பின் ஓரத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு ஓரம் முடித்து அடுத்த ஓரம். வடை ஆறிப்போனது.

“பிள்ளை தைச்சதோ?” என்று கேட்டார்.

“ஓம், பிள்ளைதான்” என்றார் பெரியம்மா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிள்ளை என்றது என்னைத்தான் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வந்தேன். அந்த மனுசி என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

“நானும் எத்தினையோ வீட்டிலை எத்தினையோ தையல் பாத்திட்டன். எல்லாம் ஒரே ரோசாப்பூ. இப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை” என்றார். “இது என்ன பூ, பிள்ளை?”

அக்காவின் கழுத்து சிவந்தது. பெரியம்மாவின் கை அவளுடைய முழங்கைக்குப் பின்னால் போனதைக் கண்டேன்.

“சூரியகாந்தி” என்றாள் அக்கா.

நான் திட்டம் போட்டுப் பேசவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்க நினைக்கவும் இல்லை. பிழையாகச் சொல்கிறாளே என்றுதான் இருந்தது. அதைத் திருத்த வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

“அது பூவில்லை” என்றேன். “நண்டு உருட்டின மண்.”

எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளையின் தாய் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “நீயோ தைச்சனீ?”

“ஓம்.”

மாப்பிள்ளையின் மாமன் கோப்பையைத் தட்டில் வைத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவருடைய வேட்டி அது. அவருக்கு அது தெரியும். எந்த மண், எந்தக் கால்வாய், எந்த நண்டு என்று முழுவதும் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அப்பா மாப்பிள்ளையின் தகப்பன் பக்கம் திரும்பி, “யாழ்ப்பாண ரயில் இப்ப ஒழுங்கா ஓடுதாமோ?” என்று கேட்டார்.

பிறகு அம்மா சிரித்தார்.

“இவ இப்பிடித்தான். அக்கா எதைச் செய்தாலும் தானும் செய்ததெண்டு சொல்லுவா. அக்காவுக்குக் காலிலை முள்ளுக் குத்தினால் இவ நொண்டுவா. வா பிள்ளை, அக்கா எப்பிடித் தேத்தண்ணி குடிக்கிறவ எண்டு மாமிக்குக் காட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்த மனுசியும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “சின்னப்பிள்ளையள் அப்பிடித்தான்” என்று சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தேத்தண்ணி குடித்துக் காட்டவில்லை. செம்பை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்க் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே சிரிப்பு ஓய்ந்து கதை தொடர்ந்தது. போகும்போது அந்த மனுசி விரிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அம்மா மடித்துக் கொடுத்தாராம். அதைப் பிறகு நான் என் கண்ணால் காணவில்லை.

பேச்சு சரிவந்தது. பெரியம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அன்றைக்கு நடந்ததைப்பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. ஏசியிருந்தால், நான் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டதாகவாவது ஆகியிருக்கும்.

இரண்டொரு கிழமைக்குப் பிறகு அப்பா கந்தோரிலிருந்து ஒரு கடதாசிக் குழல் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எங்கேயோ கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் பழைய சாமான்களுக்கு அடியில் கிடந்ததாம். நாலு டிசைன் தாள். ரோசாப்பூ, ரோசாப்பூ, ஒரு கூடை, புகைபோக்கி வைத்த ஒரு வீடு.

“எவ்வளவு தேடி எடுத்தனான் தெரியுமோ?” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவரில் இரக்கமாகவும் இருந்தது. ஆனால் என்னோடு எத்தனையோ பின்னேரம் அந்த மண்ணில் நின்ற மனிதர், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று இதைத் தேடியிருக்கிறாரே என்று நினைக்க, கூடத்தில் அவர் ரயிலைப்பற்றிக் கேட்டதைவிட இது அதிகமாக நொந்தது. அதன் பிறகு நான் அவரோடு கடற்கரைக்குப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

அக்கா மட்டும் ஒரு மத்தியானம் என்னிடம் வந்தாள்.

“கோவமோ?”

நான் எழும்பப் பார்த்தேன்.

“நான் சொல்லத்தான் நினைச்சனான். அம்மா கையிலை நுள்ளினவ.”

“சூரியகாந்தி எண்டு சொன்னீங்கள்.”

“வேறை என்னத்தைச் சொல்ல? எனக்கு அது என்னவெண்டு தெரியாது” என்றாள். “நீ எனக்குச் சொல்லேல்லையே.”

உண்மைதான். அவள் கேட்டது, எதைப் பார்த்துக் கொப்பி பண்ணினாய் என்றுதான். அது என்ன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். மாமியார் தலையணை உறை இரண்டு கேட்கிறாராம், கலியாணத்துக்கு முன்னால், அதே மாதிரி வேலை வைத்து. “எனக்கு அது வராது. வராதெண்டு உனக்குத் தெரியும். கீறியாவது தா, நான் தைக்கிறன்.” கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை” என்றாள்.

எவளுடைய நடையையும் எழுத்தையும் மூச்சையும் நான் ஒரு வருடம் பார்த்துப் பார்த்துப் பழகினேனோ, அவள் என் முன்னால் குந்தியிருந்து எனக்கு வராது என்று சொல்கிறாள். அதில் எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் இவ்வளவு நாளும் யாரைப் பார்த்து நடந்தேன் என்றுதான் இருந்தது.

ஆனாலும் ஓம் என்றேன். பதினொரு வயதில் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது.

நினைவிலிருந்து நான் என் விரிப்பையே கீறத் தொடங்கினேன். நடுவில் ஓட்டை, சுற்றி வரி. அக்காவிடம் கொடுக்க முன் நானே தைத்தும் பார்த்தேன், அதே நூல், அதே சாயம். முதல் உறையில் ஐந்தாறு தைத்ததும் தூக்கிப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரே அளவு, ஒவ்வொரு வரியும் ஒரே நீளம். அக்கா சொன்னது சரி, இது சூரியகாந்திதான் என்று தோன்றியது. நான் நண்டைப் பார்த்துத் தைக்கவில்லை. நான் ஏற்கெனவே தைத்ததைப் பார்த்துத் தைத்திருந்தேன். என்னையே கொப்பி பண்ணினாலும் கொப்பி கொப்பிதான் என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தராமலே விளங்கியது. கத்தரிக்கோலால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். துணியில் ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சின.

பின்வளவுக் குழியில் அந்த வாரம் தவளைகள் நிறைந்திருந்தன. விமானத்துக்குப் பயந்து நாங்கள் வெட்டின குழியில் அவை முட்டை போட்டு, குஞ்சு பொரித்து, ஈரப்பலா இலைகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒரு பக்கத்தில் நாங்கள் இறங்குவதற்கென்று வெட்டின மண்படி. அதில் ஒரு பெரிய தவளை வீட்டுக்காரரைப்போல இருந்தது. அப்பா தந்த ரோசாப்பூத் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமை. அதில் பென்சிலால் குழியைக் கீறினேன். ஒருவரையும் கேட்கவில்லை. சரியோ பிழையோ என்ற கேள்வி வந்தது. வந்தால் வரட்டும் என்று கீறிக்கொண்டே போனேன்.

அதையும் நானே உறையில் தைத்து, முடிந்ததும் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

“இதைப் பார். தவளை. கலியாண வீட்டுத் தலையணையிலை தவளை.”

அம்மா பார்த்தார். அவருடைய வாய் ஓரம் அசைந்தது. சிரிப்போ வேறு எதுவோ என்று எனக்குத் தெரியவில்லை. “வேறை தை பிள்ளை, அந்தப் பழைய மாதிரி” என்றார்.

“ஏலாது” என்றேன்.

அந்த வீட்டில் நான் பெரியவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல்தடவை. உறையை அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனேன். அது கிழிந்துபோகும்வரை அதன்மேல் நான்தான் தலைவைத்துப் படுத்தேன். அக்கா பாமன்கடைக்குக் கடைசியில் ரோசாப்பூ உறைதான் கொண்டுபோனாள், அப்பா தந்த மற்ற ரோசாப்பூத் தாளை அழுத்தித் தைத்து. மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம்.

எனக்கு அதோடு எல்லாம் சரிவந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தவளையைத் தைத்த பிள்ளைக்கு அன்றிலிருந்து தன்மேல் நம்பிக்கை வந்து குறையாமல் இருந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. பெரியவளாகி, பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிக்கிற உத்தியோகமும் பார்த்து, நானே கீறினவற்றை ஆட்கள் தேடிவந்து வாங்குகிற காலத்திலும், ஒவ்வொன்றையும் முடித்துத் தூக்கிப் பார்க்கும்போது அம்மாவின் சிரிப்பு காதில் விழும். இது என்னுடையதுதானா, இல்லை யாரைப்போலவோ நொண்டுகிறேனா? எத்தனையோ நல்ல வேலைகளை அந்தச் சந்தேகத்தில் வெட்டி எறிந்திருக்கிறேன். வெட்டாமல் விட்டவை, அந்தச் சிரிப்புக் கேட்கக் கேட்கவே கையை நிறுத்தாமல் தைத்தவை. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அக்கா நல்லபடியாக வாழ்ந்தாள். நாலு பிள்ளைகள். கலியாணம், காரியம் என்று சந்தித்துக்கொள்வோம். என் வேலையைப்பற்றி மற்றவர்களிடம் புகழ்ந்து பேசுவாளாம், என் முன்னால் மட்டும் பேசமாட்டாள். அவளுடைய மாமியார் சாகும்வரை அந்த விரிப்பை மருமகள் தைத்ததென்று வருகிறவர்களுக்குக் காட்டினார் என்று கேள்வி. அக்கா திருத்தவில்லை. அவளும் போய்விட்டாள்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஒரு மத்தியானம், அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், நான் பக்கத்தில் எதையோ விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அன்றைக்குக் கேட்கத் தோன்றியது என்று தெரியவில்லை.

“அம்மா, அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமோ?”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

“தெரியும். நீ விறாந்தையிலை இருந்து தைக்கேக்கை நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்.”

“அப்ப ஏன்?”

“அவளுக்கு அந்த இடமும் தவறியிருந்தால் பெரியம்மா தாங்கியிருக்கமாட்டா” என்றார். “உன்ரை கைக்கு இன்னும் எத்தினையோ வரும் எண்டு எனக்குத் தெரியும். அவளுக்கு வராது. அதுதான் உன்ரையை எடுத்துக் குடுத்தனான்.”

என் கையைப்பற்றி அம்மா வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. நாற்பது வருடத்துக்குமேல் அதைத் தன்னோடு வைத்திருந்திருக்கிறார். ஊசி என் விரலில் குத்தியது. நான் விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

“அதை எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா. குசினிக்குள்ளை கூப்பிட்டு, இரகசியமா எண்டாலும்.”

“சொல்லியிருந்தால் நீ வாயை வச்சுக்கொண்டு இருந்திருக்கமாட்டாய். எல்லாருக்கும் சொல்லியிருப்பாய்.”

“நான் எப்பிடியும் சொன்னனான்தானே.”

“ஓம், சொன்னனீ” என்றார் அம்மா. “வடிவாத்தான் சொன்னனீ. நான்தான் சிரிச்சுப்போட்டன்.”

மன்னித்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கு மருந்து கொடுக்கும் நேரமாகியிருந்தது. எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தேன்.